அருமைநாயகத்தின் மேல் பெய்யாத மழை

சோலையாடி எஸ்டேட்டில் மழைக்கு வரத் தெரியும், போகத் தெரியாது. வைகாசி கடைசியில் மேற்கே மலையிடுக்கில் கறுப்பாக ஒரு மூட்டை மேகம் வந்து உட்காரும், உட்கார்ந்தது எழுந்திருக்காமல் ஆனி, ஆடி, ஆவணி என்று பெய்து, சுவரில் பாசியேற்றி, தீப்பெட்டியை நமுக்கவைத்து, உப்பை நீராக்கி, பெட்டியில் மடித்துவைத்த கல்யாணப் புடவையில் பூஞ்சணம் பூக்கவைத்து, போதும் தாயே போதும் என்று சனங்கள் கையெடுத்துக் கும்பிட்ட பிறகும் இன்னும் கொஞ்சம் பெய்துவிட்டுத்தான் போகும். அப்பேர்ப்பட்ட ஊரில், ஒரு சொட்டு மழைகூட மேலே விழாத மனிதர் ஒருவர் இருந்தார் என்றால் நம்புவீர்களா? நம்பாவிட்டால் போங்கள், சோலையாடிக்காரர்கள் நம்பினார்கள். நம்பியது மட்டுமா, அவரை வைத்துத் துணியும் உலர்த்தினார்கள்.

அவர் பெயர் அருமைநாயகம். எஸ்டேட் ஃபேக்டரியில் டீமேக்கர். அதாவது பறித்து வந்த கொழுந்து எவ்வளவு வாட வேண்டும், எவ்வளவு சுருள வேண்டும், சூட்டில் எவ்வளவு வறள வேண்டும் என்று பார்த்துச் சொல்கிற வேலை. "ஈரத்தை விரட்டுற உத்தியோகம்" என்று ஊரில் கேலி பேசுவார்கள். மழை என்றால் வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிற விருந்தாளி என்று நினைத்திருந்த தேரிக்காட்டு ஊரிலிருந்து, செம்மண்ணும் பனையும் தவிர வேறொன்றும் பார்க்காத கண்ணோடு, மல்துணிச் சட்டையும் ரப்பர் செருப்புமாக மலையேறி வந்தவர். வந்த வாரமே சோலையாடி மழை அவரைப் பிடித்துத் துவைத்துப் பிழிந்து போட்டது. காய்ச்சலில் குவார்ட்டர்ஸ் கதவைத் தாழிட்டுக்கொண்டு கிடந்தவர், எழுந்து உட்கார்ந்த அன்றைக்குச் சபதம் போட்டார்: இனி இந்த மழைக்கு என்னைத் தொட்டுப் பார்க்கிற பாக்கியம் கிடையாது.

அந்த வருஷம் வேலையை விட்டுக் கிளம்பிய பழைய துரை ஒருவர் தன் சாமான்களை எல்லாம் விற்றுவிட்டுப் போனார். மற்றவர்கள் கட்டிலுக்கும் கடிகாரத்துக்கும் முட்டி மோத, அருமைநாயகம் மட்டும் முழங்காலுக்குக் கீழே தொங்கும் நீளக் கோட்டு ஒன்றை வாங்கினார். இரண்டு வரிசைப் பொத்தான், இடுப்பில் பெல்ட்டு, மணிக்கட்டில் இழுத்துக் கட்ட வார், தோளிலிருந்து மார்புக்கு இறங்கும் ஒரு கூடுதல் மடிப்பு. அந்த மடிப்பு எதற்கு என்று யோசித்து யோசித்து, தோளில் விழுந்த தண்ணீர் பொத்தான் இடுக்கில் நுழையாமல் வழிந்து ஓடத்தான் என்று கண்டுபிடித்த அன்றைக்கு அவருக்கு ஏற்பட்ட சந்தோஷம் இருக்கிறதே, அதைப் பகிர்ந்துகொள்ள வீட்டில் ஓர் ஆள் இல்லை. கண்ணாடியிடம் சொன்னார்.

அதிலிருந்து பிடித்தது பைத்தியம். வருஷம் ஒருமுறை கோயம்புத்தூர் இறங்கி, பொறுமைசாலியான ஒரு தையல்காரரை உட்காரவைத்துத் தைத்துக்கொண்டு வருவார். மழைக்கு உடுத்துவதென்றால் கண்டதை எடுத்துப் போர்த்திக்கொள்வதில்லை, பாருங்கள். பருத்திப் பேன்ட் நனைந்தால் காலைக் கட்டிக்கொண்டு அழும்; கம்பளித் துணி ஈரத்தை வாங்கினாலும் சூட்டை விட்டுக்கொடுக்காது. பேன்ட் நுனி பூட்ஸைத் தொட்டால் போதும், அதற்குமேல் ஒரு விரல் இறங்கினாலும் பாதைத் தண்ணீரைக் குடித்துவிடும். வெளிர் சாம்பல் நிறம் ஒரு துளி பட்டதையும் ஊருக்குக் காட்டிக்கொடுக்கும். கருநீலமும் காப்பிக்கொட்டை நிறமும் வாயைத் திறக்காது. காலையில் கண் விழித்ததும் எழுந்திருக்காமல் தகரக் கூரைச் சத்தத்தைக் கேட்பார். நூல் நூலாய் இறங்கும் சாரலா, மெழுகு தேய்த்த பச்சை ஜாக்கெட். காற்றோடு சாய்ந்து அடிக்கிறதா, அதற்குக் குடை உதவாது, நீளக் கோட்டும் விளிம்பு இறங்கிய ஃபெல்ட் தொப்பியும். காற்றில்லாமல் நேர்குத்தாய்க் கொட்டுகிறதா, கருநீலக் கோட்டும் பிரம்புப் பிடி போட்ட நெடுங்குடையும் கழுத்தில் ஒரு மஃப்ளரும். உரச்சாக்கைக் கொங்காணியாய்த் தலையில் மாட்டிக்கொண்டு போகிற கொழுந்துக்காரப் பெண்கள் எதிரே வந்தால், "ஐயா மாப்பிள்ளை மாதிரி போறாரு பாரேன்" என்று சிரித்து வழிவிடுவார்கள். மாப்பிள்ளை ஆகாமலே தலை நரைத்துவிட்டது. தங்கச்சிமார் கல்யாணம், அப்பாவின் வியாதி என்று வருஷங்கள் போய்விட்டன.

இங்கே சோலையாடியின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நனைந்து வந்தவரை வாசலில் நிறுத்தக் கூடாது. யாராக இருந்தாலும் சரி, எந்தச் சாதி, எந்தக் கட்சி, போன மாதம் சண்டை போட்டவனா, எதுவும் கேட்கக் கூடாது. ஈரத்தோடு வாசலில் ஓர் ஆள் நின்றால், "அய்யய்யோ, நனைஞ்சு போய் நிக்கிறீங்களே, உள்ள வாங்க" என்று இழுத்து, துண்டு கொடுத்து, அடுப்படியில் பலகை போட்டு உட்காரவைத்து, கையில் ஒரு டம்ளர் பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்துவிட வேண்டும். அந்த ஊரில் பெண் கேட்டது, பிணக்குத் தீர்ந்தது, பிள்ளைக்குப் பேர் வைத்தது எல்லாமே அந்தப் பலகையில்தான். மழை விட்ட மாதங்களில் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். சோலையாடிக்காரர்களுக்கு உறவு என்பது மழைக்காலத்துப் பயிர்.

நனையாத மனிதரை யார் கூப்பிடுவார்கள்? ஃபேக்டரியிலிருந்து குவார்ட்டர்ஸுக்குப் போகிற பாதையில் தொழிலாளர் லைன் வீடுகளில் முதலாவது நகோமியுடையது. ஃபேக்டரியில் தேயிலை சலிக்கிற வேலை அவளுக்கு, புருஷன் இஸ்ரவேல் செத்துச் சில வருஷம் ஆகிறது, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். சாயங்காலம் அந்த வழியாக வரும்போது அருமைநாயகத்தின் நடை தானாகத் தளரும். திறந்த கதவுக்குள் அடுப்புச் சிவப்பும், யாராவது ஒரு நனைந்த ஆள் பலகையில் குந்தியிருப்பதும், என்னவோ சொல்லி எல்லாரும் சிரிப்பதும் தெரியும். நகோமி எட்டிப் பார்த்து, "போறீங்களாய்யா?" என்பாள். "போறேம்மா" என்பார். அவ்வளவுதான் பேச்சு. கோட்டில் ஒரு துளி இல்லாமல், பூட்ஸில் ஒரு சேறு இல்லாமல், ராஜா மாதிரி நடந்து வீட்டுக்குப் போய், ஸ்டவ்வைப் பற்றவைத்துத் தனக்குத் தானே டீ போட்டுக் குடிப்பார். ஊருக்கெல்லாம் டீ செய்து அனுப்புகிறவர் தன் டீயைத் தான் மட்டும் உட்கார்ந்து குடிப்பதைப் போல ஒரு கொடுமை உண்டா?

இந்த மழையோடு அவருக்கு ரிட்டையர்மென்ட். ஆவணி முடிந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கீழே போக வேண்டும். போவதற்குள் ஒரே ஒரு நாள், நகோமி வீட்டு அடுப்படிப் பலகையில் உட்கார்ந்துவிட வேண்டும். வேறு ஆசை இல்லை அவருக்கு. ஃபேக்டரியில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டு இதை நினைத்து நினைத்து, வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட்டு, மென்று முழுங்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அது நடந்தது. ஆடி பிறந்த ஒரு காலையில், சாய்ந்தடிக்கிற மழைக்கு நீளக் கோட்டும் தொப்பியும் என்று தீர்மானித்து, பெல்ட்டை இறுக்கி, காலரைத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார். பத்தடி போன பிறகுதான், தொப்பியில் கேட்க வேண்டிய டொக் டொக் சத்தம் கேட்கவில்லையே என்று உறைத்தது. நின்றார். சுற்றிலும் மழை கொட்டுகிறது, அவரைச் சுற்றி ஒரு குடை விரித்த அகலத்துக்கு மட்டும் தரை காய்ந்து கிடக்கிறது. கையை நீட்டினார், மழை ஒதுங்கியது. ஓடிப் பார்த்தார், காய்ந்த வட்டமும் கூடவே ஓடியது. ஃபேக்டரி வாசலில் வாட்ச்சர் பேச்சிமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஐயா, உங்க மேல மழை பெய்யலீங்க."

"ஆமாப்பா, நானும் கவனிச்சேன்."

"சரிங்கய்யா" என்று கேட்டைத் திறந்துவிட்டான் பேச்சிமுத்து. திறந்துவிட்டு, அந்த வட்டத்துக்குள் நின்று, காலையிலிருந்து பற்றாமல் இருந்த பீடியைப் பற்றவைத்துக்கொண்டான்.

ஊர் ஏன் எப்படி என்றெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மழைக்கு மனசு விட்டுப்போச்சு என்று சொன்னார்கள். எத்தனை வருஷம்தான் அதுவும் காலர் இடுக்கு, கைப்பட்டை, பூட்ஸ் தையல் என்று ஒரு வழி கிடைக்குமா என்று தேடும், போடா நீயுமாச்சு உன் கோட்டுமாச்சு என்று கோபித்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள். மனுஷருக்குள் நடக்கிறதுதானே. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே லைன் பெண்கள் மூங்கில் கொடியைச் சுற்றிலும் கட்டி நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு, "ஐயா, சும்மாத்தானே இருக்கீங்க, செத்த இங்க வந்து உக்காருங்களேன்" என்று கூட்டிப்போனார்கள். உட்கார்ந்தார். ஆனி மாசத்திலிருந்து உலராத போர்வைகள் எல்லாம் அவரைச் சுற்றித் தொங்கின. "ஐயா, இப்படிக் கொஞ்சம் தள்ளிக்கிடுங்க, இந்தத் தலையணை உறைக்கு எட்டலை" என்றாள் ஒருத்தி. தள்ளிக்கொண்டார்.

பிறகென்ன, வட்டமும் நாளுக்கு நாள் அகன்றது, ஆளுக்கு ஆள் இழுத்தார்கள். பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலமா, நடுவில் ஐயா. மேட்டுச் சுடுகாட்டில் சிதை பற்றவில்லையா, தலைமாட்டில் ஐயா. "ஐயா யாருக்கும் தனிச் சொந்தம் கிடையாது, பொதுச் சொத்து" என்று யூனியன்காரர் கூட்டம் போட்டுப் பேசினார். அந்தக் கூட்டமும் ஐயாவைச் சுற்றித்தான் நடந்தது. ஆடிக் கடைசியில் மாரியம்மன் கோயில் பூக்குழி அணையாமல் இருக்க அவரைக் கொண்டுவந்து நிறுத்தவேண்டும் என்று பூசாரி கேட்க, சர்ச்சு உபதேசியார் குறுக்கே விழுந்தார்: "நம்ம சபை ஆளு பூக்குழிகிட்ட நிக்கலாமா?"

"நிக்கத்தானய்யா சொல்றோம், மிதிக்கவா சொன்னோம்?" என்றார் பூசாரி. உபதேசியாருக்கும் அடுத்த வாரம் சர்ச்சுக் கூரைக்கு ஓடு மாற்றுகிற வேலை இருந்ததால் அதோடு விட்டுவிட்டார்.

பூக்குழி நாளன்றும் அருமைநாயகம் கூரைச் சத்தம் கேட்டு, கருநீலக் கோட்டும் மஃப்ளரும் எடுத்து, கண்ணாடி முன் நின்று ஒவ்வொரு பொத்தானாய்ப் போட்டுக்கொண்டுதான் போனார். "இன்னும் எதுக்குங்கய்யா இந்தக் கோட்டும் சூட்டும், துண்டைக் கட்டிக்கிட்டு வந்தாலும் நனைய மாட்டீங்களே" என்று யாரோ சொன்னபோது நெஞ்சில் ஊசி இறங்கினாற்போல் இருந்தது. மழை வராது என்று தெரிந்தும் மழைக்கென்று உடுத்திக்கொள்வதை அவரால் நிறுத்த முடியவில்லை. அதையும் நிறுத்திவிட்டால் காலையில் எழுந்திருக்க என்ன காரணம் இருக்கிறது சொல்லுங்கள். பூக்குழி அவர் காலடியில் ஜெகஜ்ஜோதியாய்க் கனன்றது. எல்லாரும் இறங்கினார்கள், ஏறினார்கள், குலவை போட்டார்கள், கொட்டுகிற மழையில் தொப்பலாய் நனைந்து ஒருத்தரை ஒருத்தர் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். வட்டத்துக்குள் வந்து நின்றவர்கள்கூட அவர் தோளுக்கு மேலாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்களே தவிர, ஐயா சாப்பிட்டீர்களா என்று ஒரு வார்த்தை இல்லை. பஸ் ஸ்டாப் கூரையிடம் யாராவது நலம் விசாரிப்பார்களா? கடைசியில் மிச்சம் இருந்தது கனலும் அவரும்தான். கனல் சாம்பலாகும்வரை நின்றுவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போனார்.

நனைந்து பார்க்க அவர் முயற்சி பண்ணாமல் இல்லை. கோட்டைக் கழற்றினார், தொப்பியை எறிந்தார், மல்துணிச் சட்டையோடு நடுப் பாதையில் நின்றார். மழை முகத்தைத் திருப்பிக்கொண்டது. கூரைத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்கு அடியில் தலையைக் கொடுத்தார். தண்ணீர் வளைந்து அடுத்த பக்கம் விழுந்தது. நாள் ஓடிக்கொண்டிருந்தது. ஆவணியும் பிறந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனசு பொறுக்காமல், குளியலறையில் வாளித் தண்ணீரை எடுத்து உடுத்த உடுப்போடு தலையில் கவிழ்த்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நகோமி வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டார்.

நகோமி முறத்தோடு எட்டிப் பார்த்தாள். சுற்றிலும் மழை, நடுவில் காய்ந்த வட்டம், அந்த வட்டத்துக்குள் சொட்டிக்கொண்டு நிற்கிற டீமேக்கர்.

"என்னங்கய்யா, குளிச்சிட்டுத் துவட்டாமக் கொள்ளாம வந்துட்டீங்களா? சோப்பு வாசம் வருது" என்று சிரித்தாள். சிரித்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"நகோமி, ஒண்ணு கேக்கிறேன், தப்பா நினைச்சுக்காத. இத்தனை வருஷத்துல ஒருநாளாவது என்னை உள்ள வாங்கன்னு நீங்க யாரும் கூப்பிட்டதில்லையே. நான் நனையலைங்கிற ஒரே காரணத்துக்காகவா?"

முறத்தைக் கீழே வைத்தாள் அவள். "நனையலைங்கிறதுக்காக இல்லீங்கய்யா. நீங்க குடை கொடுத்துட்டீங்களே."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. குடை கொடுத்தது குற்றமா? வாசலில் யார் நனைந்து வந்து நின்றாலும், பாவம் என்று மனமிரங்கி, கதவோரம் எப்போதும் அடுக்கிவைத்திருக்கிற புதுக் குடைகளில் ஒன்றை எடுத்து நீட்டுவார். வருஷா வருஷம் தன் கைக்காசில் வாங்கிவைப்பார். அதைத் தன்னிடம் இருக்கிற ஒரே நல்ல குணம் என்றுகூட நினைத்து வந்திருந்தார்.

"எங்க ஊருல நனைஞ்சு வந்த ஆளுக்கு வாசல்ல வச்சுக் குடை கொடுத்தா, உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல, கிளம்புன்னு அர்த்தம்ங்கய்யா. அண்ணன் தம்பி பாகம் பிரிஞ்சு மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னாத்தான் கொடுப்பாங்க. நீங்க வந்த புதுசுல எங்க வீட்டுக்காரர் உங்க வாசல்ல வந்து நின்னாரு. ஞாபகம் இருக்கா?"

"இஸ்ரவேலா? வந்திருப்பாரு. எனக்கு..."

"குடையை நீட்டுனீங்க. வச்சுக்கோங்க, திருப்பித் தர வேண்டாம்னு வேற சொன்னீங்க." நகோமி உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த மனுஷன் அந்தக் குடையை விரிக்கவே இல்ல. கையில பிடிச்சுக்கிட்டு நனைஞ்சுக்கிட்டே வந்தாரு. வந்து உக்காந்து அழுதாரு."

"என்னத்துக்கு வந்தாரு அன்னிக்கு?"

"எங்க பையனுக்கு ஞானஸ்நானம் வச்சிருந்தோம். மலைக்குப் புதுசா வந்து ஒண்டியாக் கிடக்கிறாரே, காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்சிருக்காரு, நம்ம புள்ளைக்கு அவரையே ஞானத்தகப்பனா நிக்கச் சொல்லுவோம், அப்ப நமக்கு உறவாயிடுவாருன்னு சொல்லிக் கூப்பிட வந்தாரு."

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற அந்தப் பிள்ளை லீவில் வரும்போதெல்லாம் பாதையில் எதிர்ப்பட்டு ஒதுங்கிப் போயிருக்கிறான். அவனுடைய முகத்தைக்கூட அருமைநாயகம் ஒழுங்காகப் பார்த்ததில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, நகோமி? யாராவது ஒருத்தர்?"

"படிச்சவரு, உடுத்துறவரு, தெரிஞ்சுதான் செய்றீங்கன்னு நினைச்சோம். எல்லா வீட்டுலயும் இருக்குங்கய்யா, உங்க குடை. போய்ப் பாருங்க." அவள் கையைக் காட்டினாள். உத்தரத்தில் அடுப்புக்கு நேர் மேலே, வருஷக்கணக்காய்ப் புகையேறி, ஒருநாளும் விரிக்கப்படாமல், கறுப்பாய் ஒரு குடை வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுக்குப் பரிகாரம் ஒண்ணும் இல்லையா?"

"இருக்கு. குடை கொடுத்த ஆளே மழையில நனைஞ்சு வாசல்ல வந்து நிக்கணும். அப்ப நாங்க கூப்பிடலாம், கூப்பிட்டுத்தான் ஆகணும். ஆனா நீங்க எங்கிட்டு நனைய?" என்றாள் நகோமி. அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. "அந்த மழையும்தான் எத்தனை வருஷம் உங்க வாசல்ல வந்து நின்னுருக்கும், பாவம்."

வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே நேர்குத்தாய்க் கொட்டிக்கொண்டிருந்தது. கையெட்டுகிற தூரத்தில் கதவோரம் குடைகள் வரிசையாய்ச் சாய்ந்திருந்தன, அலமாரியில் கோட்டுகள் தோளோடு தோள் நின்றன, பெட்டிக்கு அடியில் மெழுகு பூசிய பூட்ஸுகள் மினுங்கின. அத்தனையும் கதவுகள். ஒவ்வொரு காலையும் கூரைச் சத்தத்தைக் கேட்டு, இன்றைக்கு எந்தக் கதவை மேலே போட்டுச் சாத்திக்கொள்ளலாம் என்றுதான் இத்தனை காலமும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று தோன்றியதும், அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. யாரும் தன்னைக் கூப்பிடவில்லை என்று மருகிய மனிதர், தான் ஒருத்தரையும் கூப்பிட்டதில்லை என்று அன்றைக்குத்தான் கண்டார்.

அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். விருந்தாளியை உள்ளே அழைக்கிறவர் எதை உடுத்த வேண்டும்? கோட்டை எடுத்தார், கோட்டுப் போட்டால் வெளியே கிளம்புகிற ஆள் மாதிரி இருக்கும் என்று வைத்தார். மெழுகு ஜாக்கெட்டைத் தொட்டுவிட்டு விட்டார். கருநீலம், காப்பிக்கொட்டை, பச்சை, எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அடியிலிருந்து ஒரு வெள்ளை வேட்டியும், வீட்டில் மட்டும் போடுகிற மெல்லிய சட்டையும் எடுத்து உடுத்திக்கொண்டார். காலில் ஒன்றும் இல்லை. இருக்கிறதில் நல்ல துண்டை எடுத்துத் தோளில் போட்டார். நாற்காலிக்கு முன்னால் ஒரு டம்ளர் டீ போட்டு ஆவி பறக்க வைத்தார். அலமாரியை விரியத் திறந்தார், ஜன்னல்களைத் திறந்தார், கடைசியில் வாசல் கதவைத் திறந்து நிலைப்படியில் நின்றார்.

"அய்யய்யோ, நனைஞ்சு போய் நிக்கிறியே" என்றார் மழையைப் பார்த்து. வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. ஜென்மத்தில் முதல்முறையாகச் சொல்கிற வாக்கியம் இல்லையா. "தெரியாமப் பண்ணிட்டேன். உள்ள வா."

மழை சட்டென்று வந்துவிடவில்லை. ரோஷமுள்ள மழை. முற்றத்தில் கொஞ்சம் தயங்கிற்று, படியில் ஒரு துளி வைத்துப் பார்த்தது. "வா வா, நம்ம வீடுதான், பூட்ஸு இருக்குன்னு பாக்காத, கோட்டு இருக்குன்னு பாக்காத" என்று அவர் விலகி வழிவிட்டார். அப்புறம் வந்தது பாருங்கள், ஒரு வருகை! காற்றே இல்லாமல் நேராய்ப் பெய்துகொண்டிருந்த மழை உடம்பை வளைத்து வாசல் வழியாய்ச் சாய்ந்து நுழைந்து, நடையை நனைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, டம்ளர் டீயில் தளும்பி, அலமாரிக்குள் ஏறி ஒவ்வொரு கோட்டாய்த் தொட்டுத் தடவி, இத்தனை வருஷம் தேடிய காலர் இடுக்கெல்லாம் புகுந்து, பைகளை நிரப்பி, தொப்பியை நிரப்பி, பூட்ஸை நிரப்பி, கடைசியில், எல்லாவற்றுக்கும் கடைசியில், அவருடைய கழுத்தெலும்பில் ஒரு துளியாய் விழுந்தது. குளிர்ந்தது. அருமைநாயகம் "ஆ" என்றார். அப்புறம் வானமே அவர் தலையில் இறங்கியது.

சாயங்காலம் மங்குகிற நேரம், வேட்டி காலைச் சுற்றிக்கொள்ள, சேற்றில் வெறுங்காலோடு வழுக்கி வழுக்கி ஓர் ஆள் ஃபேக்டரிப் பாதையில் இறங்கி வந்தார். எதிரே வந்த பேச்சிமுத்து, "யாருப்பா அது, குடையில்லாம?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. கோட்டும் தொப்பியும்தான் டீமேக்கர் என்று இருந்த ஊரில், நனைந்த ஒரு கிழவரை யார் கண்டுகொள்வார்கள்?

நகோமி வீட்டு வாசலில் வந்து நின்றார். பல் கிட்டித்தது. உள்ளே அன்றைக்கென்று பார்த்து யாரும் இல்லை. அவள் மட்டும் நமுத்துப்போன விறகோடு மல்லுக்கட்டி ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தாள், அடுப்பு புகைந்ததே தவிரப் பற்றவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். எழுந்தாள். எம்பி, உத்தரத்திலிருந்த அந்தக் குடையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி வந்தாள். கொடுக்கப் போகிறாள், திருப்பிக் கொடுத்துப் போகச் சொல்லப் போகிறாள், அதுவும் நியாயம்தான் என்று நினைத்து, வாங்கிக்கொள்வதற்கு அருமைநாயகம் கையைக்கூட நீட்டிவிட்டார்.

நகோமி குடையை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டு, நீட்டிய அந்தக் கையைப் பிடித்தாள்.

"அய்யய்யோ, நனைஞ்சு போய் நிக்கிறீங்களே" என்றாள். "உள்ள வாங்க, உள்ள வாங்க."

பலகையை இழுத்துப் போட்டு உட்காரவைத்தாள். தலையில் துண்டைப் போட்டாள். பிறகு, குடையின் துணியைக் கிழித்து ஓரமாய் வைத்தாள், கம்பிகளைப் பிடுங்கினாள், இத்தனை வருஷம் ஒரு மழையும் காணாமல் புகையில் காய்ந்து கிடந்த அந்த மூங்கில் தண்டை முழங்காலில் வைத்து இரண்டாய் உடைத்து அடுப்பில் செருகினாள். அந்த ஆவணி மாசத்தில் சோலையாடி முழுக்கத் தேடினாலும் அவ்வளவு காய்ந்த விறகு கிடைத்திருக்காது. மடமடவென்று பற்றிக்கொண்டது. இஸ்ரவேல் சுமந்து வந்த குடை எரிவதைப் பார்த்துக்கொண்டே, அன்றைக்கு அவர் உட்கார்ந்து அழுதிருக்கக்கூடிய இடத்தில் குந்தி உட்கார்ந்து, அருமைநாயகம் நடுங்கிக்கொண்டிருந்தார். வேட்டியிலிருந்து சொட்டிய தண்ணீர் அடுப்படித் தரையில் ஓடி மூலையில் தேங்கியது. அவள் அதைத் துடைக்க எழுந்திருக்கவில்லை.

பானையில் தண்ணீர் கொதித்தது. தேயிலையை அள்ளிப் போட்டவள் சீனி டப்பாவைத் திறந்து, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"உங்களுக்கு எத்தனை கரண்டி போடணும்ங்கய்யா?"

ஆயுசு முழுக்க டீயில் கிடந்த மனிதர் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அவளைப் பார்த்தார். அவரிடம் அதை யாரும் கேட்டதே கிடையாது.